தானியப் பயிர்களில் திசு வளர்ப்பு: மீளுருவாக்கத்தின் வரலாறு

தானியப் பயிர்களின் திசு வளர்ப்பு என்பது நெல், கோதுமை, மக்காச்சோளம், வாற்கோதுமை, சோளம், கம்பு போன்ற புல் குடும்பப் பயிர்களின் சிறு பகுதி ஒன்றை எடுத்து, நுண்ணுயிர் நீக்கிய ஊட்ட ஊடகத்தில் கண்ணாடிக் குடுவைக்குள் வளர்த்து, அதிலிருந்து வேரும் குருத்தும் கொண்ட முழுச் செடியைப் பெறும் முறையாகும். இதன் கடைசிப் படி, அதாவது உருவமற்ற திசுவிலிருந்து முழுச் செடி எழுவது, மீளுருவாக்கம் எனப்படும்.

கேரட்டிலும் புகையிலையிலும் 1950களிலேயே கைகூடிய இந்த மீளுருவாக்கம் நெல்லில் 1968இல்தான் நிகழ்ந்தது. மக்காச்சோளத்தில் 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உலக மக்களின் வயிற்றை நிரப்பும் பயிர்களே ஆய்வகத்தில் கடைசியாக வழிக்கு வந்தன. இந்தத் தாமதத்துக்குக் காரணம் என்ன, அது எவ்வாறு நீங்கியது, எந்த அளவுக்கு இன்னும் நீங்கவில்லை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அடிப்படைக் கருத்து

முருங்கைப் போத்தை மண்ணில் நட்டால் துளிர்க்கிறது. ரோஜாக் குச்சி வேர்விடுகிறது. ரணகள்ளியின் இலை ஓரத்திலிருந்து புதுச் செடியே முளைக்கிறது. ஆனால் நெல்லின் இலையை வெட்டி எத்தனை நாள் ஈர மண்ணில் வைத்தாலும் அது காய்ந்துபோகும். கரும்பு புல் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அது கரணையிலிருந்து முளைக்கிறதே என்று கேட்கலாம். அங்கு முளைப்பது கணுவில் ஏற்கெனவே இருக்கும் பரு. கணு இல்லாத இடைப்பகுதியை நட்டால் கரும்பும் முளைக்காது.

ஒரு தாவரக் கலம் தகுந்த சூழலில் முழுத் தாவரமாக வளரும் ஆற்றல் முழுஆக்குத்திறன் எனப்படும். செடியின் ஒவ்வொரு உயிருள்ள கலத்திலும் அச்செடியின் முழு மரபுச் செய்தி இருப்பதால் இது கொள்கையளவில் இயலும். கொள்கையளவில் இயல்வதை நடைமுறையில் செய்துகாட்டுவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று.

தொடக்க முயற்சிகள்

ஆஸ்திரிய தாவரவியலாளர் காட்லீப் ஹாபர்லாண்ட் 1902இல் தனிக் கலங்களை ஊட்டக் கரைசலில் வளர்க்க முயன்று தன் முடிவுகளை வெளியிட்டார். அவர் எடுத்தவை பெரும்பாலும் முதிர்ந்த இலைகளின் கலங்கள். அவை வாரக்கணக்கில் உயிரோடு இருந்தன, சற்றுப் பருத்தன; ஆனால் ஒன்றுகூடப் பிரியவில்லை. ஆயினும் உடற்கலங்களிலிருந்து செயற்கையாகக் கருக்களை உருவாக்க முடியும் என்ற அவரது கணிப்பு பின்னாளில் மெய்யாயிற்று. அதனால் அவர் இத்துறையின் தந்தை எனப் போற்றப்படுகிறார்.

1922இல் ஜெர்மனியில் கோட்டேயும் அமெரிக்காவில் ராபின்ஸும் தனித்தனியே வேர்நுனிகளைச் சிறிது காலம் வளர்த்தனர். அவர்கள் பயன்படுத்தியவற்றுள் மக்காச்சோள வேரும் ஒன்று. 1934இல் பிலிப் ஒயிட் தக்காளி வேரைத் தொடர்ந்து வளரச் செய்தார். 1939இல் ஒயிட், பிரான்சின் கோத்ரே, நோபேகூர் ஆகிய மூவரும் தனித்தனியே, ஒழுங்கான உறுப்பு வடிவம் இல்லாத திசுத் திரளை வரம்பின்றி வளர்த்துக் காட்டினர். இத்திரளே கேலஸ் எனப்படுகிறது.

இக்கதையில் நமக்கு நன்கு பழக்கமான ஒரு பொருளும் இடம்பெறுகிறது. 1941இல் வான் ஓவர்பீக்கும் உடன் உழைத்தவர்களும் ஊமத்தையின் மிக இளம் கருக்களை வளர்க்க இளநீரைப் பயன்படுத்தி வெற்றி கண்டனர். இளநீர் என்பது தேங்காயின் நீர்ம நிலையிலுள்ள கருவூண். வளரும் கருவுக்குத் தாய்ச்செடி கட்டிக்கொடுத்த சோறு. அதில் கலப் பிரிவைத் தூண்டும் பொருள்கள் உள்ளன. 1950களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்டு கேரட் கலங்களை வளர்த்த ஊடகத்திலும் இளநீர் இருந்தது. 1958இல் அக்கலங்களிலிருந்து முழுக் கேரட் செடிகள் கிடைத்தன.

இதற்கிடையே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஸ்கூக், மில்லர் குழுவினர் கைனெட்டின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். ஆக்சின், சைட்டோகைனின் ஆகிய இரு வகை வளர்ச்சிப் பொருள்களின் விகிதமே புகையிலைத் திசு வேர்விடுமா குருத்துவிடுமா என்பதைத் தீர்மானிக்கிறது என 1957இல் நிறுவினர். ஆக்சின் மிகுந்தால் வேர், சைட்டோகைனின் மிகுந்தால் குருத்து, இரண்டும் சமன்பட்டால் கேலஸ். 1962இல் முராசிகியும் ஸ்கூக்கும் வெளியிட்ட உப்புக் கலவை இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. கேரட்டுக்கும் புகையிலைக்கும் வழி தெரிந்துவிட்டது. அதே வழியில் தானியங்களும் வரும் என்றே பலரும் நம்பினர்.

தானியங்கள் ஏன் இணங்கவில்லை?

புகையிலை போன்ற இருவித்திலைத் தாவரத்தில் காயம் பட்டால், அக்காயத்தைச் சுற்றியுள்ள முதிர்ந்த கலங்கள் மீண்டும் பிரியத் தொடங்கிக் காயத்தை மூடுகின்றன. திசு வளர்ப்பு இந்த இயல்பையே பயன்படுத்திக்கொள்கிறது. தானியங்களுக்கு இந்த இயல்பு மிகக் குறைவு. அவற்றின் இலையில் காயம் பட்டால் ஓரக் கலங்கள் பிரிவதில்லை, கெட்டிப்பட்டு மடிந்துவிடுகின்றன. தண்டைப் பருக்கச் செய்யும் கேம்பியம் என்னும் பிரியும் திசுவும் அவற்றுக்கு இல்லை.

புல் இலையின் வளர்ச்சி முறையும் இதற்குத் துணைபோகிறது. மாடு மேய்ந்த புல் மறுபடி நீள்வதற்குக் காரணம், அதன் இலை அடியிலிருந்து வளர்வதே. அடிப்பகுதியில் பிரியும் கலங்கள் இருக்கின்றன; மேலே செல்லச் செல்லக் கலங்கள் விரைவாக முதிர்ந்து பிரியும் திறனை இழக்கின்றன. 1980இல் வெர்னிக்கியும் பிரெட்டெலும் சோளத்தின் இளம் இலைகளில் இதைத் தெளிவாகக் காட்டினர். அடிப்பகுதித் துண்டுகள் கருக்களைத் தந்தன. மேற்பகுதி அந்தத் திறனை இழந்திருந்தது. ஒரே இலை, ஒரே மரபுச் செய்தி. வேறுபட்டது வயது மட்டுமே.

எனவே தொடக்க கால ஆய்வாளர்கள் பலர் சரியான ஊடகத்தைத் தேடிச் செலவிட்ட ஆண்டுகள் முழுப் பயன் தரவில்லை. விடையின் பெரும்பகுதி குடுவைக்குள் ஊற்றும் கரைசலில் இல்லை. குடுவைக்குள் வைக்கும் துண்டில் இருந்தது. இதற்கான ஒரு குறிப்பு முன்னரே கிடைத்திருந்தது. 1949இல் லாரூ என்பவர் மக்காச்சோளத்தின் கருவூணைத் தக்காளிச் சாறு சேர்த்த ஊடகத்தில் தொடர்ந்து வளர்த்தார். முதிர்ந்த மணியின் கருவூண் வளரவில்லை. முற்றாத மணியில் எடுத்ததே வளர்ந்தது.

முதல் வெற்றிகள்

தானியத் திசுவைக் கேலஸாக மாற்ற உதவிய பொருள் 2,4-டி. உழவர்கள் இதை வேறொரு வடிவில் அறிவார்கள்: நெல், மக்காச்சோள வயல்களில் அகன்ற இலைக் களைகளைக் கொல்லத் தெளிக்கும் களைக்கொல்லி இதுவே. செயற்கை ஆக்சினான இது, லிட்டருக்குச் சில மில்லிகிராம் என்னும் சிறு அளவில் ஊடகத்தில் சேர்க்கப்படும்போது தானியக் கலங்களைப் பிரியத் தூண்டுகிறது. அது இருக்கும்வரை கேலஸ் கேலஸாகவே பெருகும். அதை நீக்கினாலோ குறைத்தாலோ குருத்துகள் தோன்றும்.

ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிஷி, யமடா, தகஹாஷி ஆகியோர் 1968இல் நெல் கேலஸிலிருந்து முழுச் செடிகளைப் பெற்று நேச்சர் இதழில் வெளியிட்டனர். 1969இல் ஷிமாடா, சசகுமா, சுனேவாக்கி ஆகியோர் கோதுமைத் திசுவில் உறுப்புகள் மீண்டும் உருவாவதை அறிவித்தனர். 1970இல் சோளமும் 1975இல் வாற்கோதுமையும் இவ்வரிசையில் சேர்ந்தன.

தமிழ் நிலத்தின் புன்செய்ப் பயிர்களும் விடுபடவில்லை. டி. எஸ். ரங்கன் 1974இல் பனிவரகின் திசு வளர்ப்பையும், 1976இல் வரகு, கேழ்வரகு, கம்பு ஆகியவற்றில் செடிகள் மீளுருவானதையும் வெளியிட்டார். மக்காச்சோளம் வழிக்கு வந்த மறு ஆண்டே வரகும் கேழ்வரகும் வந்துவிட்டன என்பது கவனிக்கத்தக்கது.

எனினும் இந்த முதல் வெற்றிகள் நிலைத்தவை அல்ல. கிடைத்த செடிகள் சில. கேலஸை மாற்றி மாற்றி வளர்க்கும்போது செடி தரும் திறன் சில மாதங்களில் மறைந்துவிட்டது. 1970களின் பிற்பகுதியில் ஓர் ஐயமும் எழுந்தது. இவை உண்மையிலேயே உருவமற்ற திசுவிலிருந்து எழுந்த செடிகளா, அல்லது முதலில் எடுத்த துண்டில் ஒளிந்திருந்த குருத்து நுனிகள் பெருகியவையா? கரும்புக் கணுவின் பரு முளைப்பதைப் போன்றதே இது என்றால், முழுஆக்குத்திறன் தானியங்களில் நிறுவப்படவில்லை என்றே ஆகும்.

மகரந்தப்பை காட்டிய குறுக்குவழி

இதே காலத்தில் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் வேறொரு கதவு திறந்தது. சிப்ரா குஹாவும் சதீஷ் சந்திர மகேஸ்வரியும் ஊமத்தையின் மகரந்தப்பைகளை வளர்த்தபோது, அவற்றுக்குள்ளிருந்து சிறு கருக்கள் வெளிவருவதைக் கண்டனர். 1964இல் இது நேச்சர் இதழில் வெளியாயிற்று. மகரந்தத்திலிருந்து எழும் இச்செடிகளில் குரோமோசோம்கள் ஒரு தொகுதி மட்டுமே இருக்கும். இவை ஒற்றைமடியச் செடிகள்.

இதன் பயனைப் புரிந்துகொள்ள ஒரு கணக்குப் போதும். இரு நெல் இரகங்களை ஒட்டுச் சேர்த்தால், பிறக்கும் சந்ததிகள் பல தலைமுறைகளுக்குப் பிரிந்துகொண்டே இருக்கும். குணங்கள் நிலைபெற ஆறு முதல் எட்டுத் தலைமுறை தன்மகரந்தச் சேர்க்கை வேண்டும். ஒற்றைமடியச் செடியின் குரோமோசோம்களைக் கால்சிசின் கொண்டு இரட்டிப்பாக்கினால், ஒரே படியில் தூய வழி கிடைத்துவிடும். நெல்லில் பல வேளைகளில் இந்த இரட்டிப்பு தானாகவே நிகழ்கிறது.

1968இல் ஜப்பானின் நீசெக்கி, ஊனோ ஆகியோர் நெல்லின் மகரந்தப்பையிலிருந்து ஒற்றைமடியச் செடிகளைப் பெற்றனர். 1970இல் சிப்ரா குஹா, ஆர். டி. ஐயர், என். குப்தா, எம். எஸ். சுவாமிநாதன் ஆகியோர் இந்தியாவில் நெல் ஒற்றைமடியங்களைப் பெற்றதைக் கரண்ட் சயின்ஸ் இதழில் அறிவித்தனர். இம்முறையைப் பெரும் அளவில் கையாண்ட நாடு சீனா. அங்கு 1975இல் உருவாக்கப்பட்ட என்6 ஊடகம் இன்றும் தானிய ஆய்வகங்களில் பயன்படுகிறது.

இதிலும் ஒரு தடை இருந்தது. தானிய மகரந்தப்பைகள் தரும் செடிகளில் பல பச்சையமின்றி வெள்ளையாகப் பிறந்தன. குடுவைக்குள் சர்க்கரை கிடைக்கும்வரை வாழும். மண்ணுக்கு வந்தால் மடியும். இத்தகைய கோதுமைச் செடிகளின் பசுங்கணிக டி.என்.ஏ.வில் பெரும் பகுதிகள் இல்லாமற்போயிருப்பதை 1984இல் டேயும் எல்லிசும் கண்டறிந்தனர்.

இளம் கரு என்னும் திறவுகோல்

திருப்புமுனை மக்காச்சோளத்தில் வந்தது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கிரீனும் பிலிப்ஸும் 1975இல், மகரந்தச் சேர்க்கைக்குப் பின் சில வாரங்களுக்குள், மணி பால்பிடித்திருக்கும் பருவத்தில் கருவை எடுத்தனர். அதன் முளையச்சு ஊடகத்தைத் தொடும்படியும், ஸ்குட்டெல்லம் என்னும் கேடயம் போன்ற ஒற்றை வித்திலை மேல்நோக்கி இருக்கும்படியும் வைத்தனர். இவ்வாறு வைத்தால் கரு முளைக்காது. ஸ்குட்டெல்லத்தின் கலங்கள் பெருகும். அந்தக் கேலஸிலிருந்து செடிகள் எழுந்தன. அவர்கள் சோதித்த வழிகளுள் ஏ188 என்னும் வழி சிறப்பாகச் செயல்பட்டது. அதன் பெயர் பின்வந்த ஆய்வுகளிலும் திரும்பத் திரும்ப வரும்.

முன்னர் எழுந்த ஐயத்துக்கு விடை தந்தவர்களில் முதன்மையானவர்கள் புளோரிடா பல்கலைக்கழகத்தின் இந்திரா வாசில், விம்லா வாசில் குழுவினர். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பயின்று அமெரிக்கா சென்ற இந்திரா வாசில், 1980களில் கம்பு தொடங்கிப் பல புல் வகைகளில் ஒரே உண்மையைக் காட்டினார். இளம் கரு, இளம் பூங்கொத்து, இளம் இலையின் அடிப்பகுதி ஆகியவற்றிலிருந்து வரும் கேலஸில் இரு வகை உண்டு. ஒன்று நீர்த்தன்மையுடன் மென்மையாக இருக்கும். அது செடி தராது. மற்றொன்று வெண்மையாக இறுகியிருக்கும். அதில் விதைக் கருவை ஒத்த உடற்கருக்கள் தோன்றும். உடற்கருவில் குருத்தும் வேரும் ஒருங்கே அமைந்திருப்பதால் அது விதையைப் போலவே முளைக்கிறது. ஒளிந்திருந்த குருத்துகள் பெருகியவை என்ற வாதம் இங்கு நிற்காது. இதன் பிறகு ஆய்வாளர்கள் கண்ணால் பார்த்தே பயன்தரும் கேலஸைத் தெரிந்தெடுத்துப் பெருக்கக் கற்றுக்கொண்டனர்.

சுவரற்ற கலத்திலிருந்து நெல்

1960இல் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் எட்வர்டு காக்கிங் நொதியைக் கொண்டு கலச்சுவரைக் கரைத்துப் புரோட்டோபிளாஸ்ட்டுகளைப் பிரித்தெடுத்தார். 1971இல் டக்கேபே, லாபிப், மெல்ஷர்ஸ் ஆகியோர் புகையிலைப் புரோட்டோபிளாஸ்ட்டிலிருந்து முழுச் செடியைப் பெற்றனர். சுவரற்ற கலத்துக்குள் டி.என்.ஏ.வைச் செலுத்துவது எளிது என்பதால் தானியங்களிலும் இதைச் செய்யப் பெரும் ஆர்வம் எழுந்தது. ஆனால் தானிய இலைகளிலிருந்து எடுத்த புரோட்டோபிளாஸ்ட்டுகள் பல ஆய்வகங்கள் ஆண்டுக்கணக்கில் முயன்றும் பிரிய மறுத்தன.

வழி மீண்டும் அதே இடத்திலிருந்து வந்தது. இலையை விட்டுவிட்டு, உடற்கரு தரும் கேலஸைத் திரவ ஊடகத்தில் வளர்த்து, அந்தக் கலங்களிலிருந்து புரோட்டோபிளாஸ்ட் எடுத்தபோது அவை பிரிந்தன. 1980இல் வாசில் குழுவினர் கம்பில் இவ்வாறு கருக்களைப் பெற்றனர். 1985, 1986ஆம் ஆண்டுகளில் புஜிமுரா, தொரியாமா, யமடா, காக்கிங் ஆகியோரின் குழுக்கள் நெல்லில் முழுச் செடிகளைப் பெற்றன. 1988இல் அயல் மரபணு புகுத்திய நெற்செடிகள் வந்தன. அவை ஜப்போனிக்கா வகையைச் சேர்ந்தவை. நாம் உண்ணும் பெரும்பாலான அரிசி இண்டிகா வகை. அதில் இதைச் செய்துகாட்டியவர்கள் சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய சுவபன் தத்தா, கரபி தத்தா, போட்ரிகஸ் குழுவினர், ஆண்டு 1990.

அதன்பின் நுண்துகள்களால் கலத்தைத் துளைக்கும் முறையும், அக்ரோபாக்டீரியம் வழி மரபணு புகுத்தும் முறையும் புரோட்டோபிளாஸ்ட்டின் இடத்தைப் பிடித்தன. 1992இல் வாசில் குழு மரபணு மாற்றிய கோதுமையைப் பெற்றது. 1994இல் ஜப்பானின் ஹீயெய் குழு நெல்லிலும், 1996இல் இஷிடா குழு மக்காச்சோளத்தின் ஏ188 வழியிலும் அக்ரோபாக்டீரியம் முறையை நிலைநிறுத்தின. கருவிகள் மாறின; கடைசிப் படி மாறவில்லை. எந்த முறையில் மரபணுவைப் புகுத்தினாலும், அந்த ஒற்றைக் கலம் முழுச் செடியாக எழவேண்டும்.

வயலுக்கு வந்த பயன்கள்

மரபணு மாற்றம் குறித்த விவாதங்களே செய்திகளில் மிகுதியாக வருவதால், திசு வளர்ப்பு என்றாலே மரபணு மாற்றம் என்று மாணவர்கள் எண்ணிவிடுவதுண்டு. இது சரியன்று. அயல் மரபணு எதுவும் இல்லாமலே திசு வளர்ப்பு பல இரகங்களைத் தந்துள்ளது.

சீனாவில் ஹூ தாவோஃபென் மகரந்தப்பை வளர்ப்பின் மூலம் உருவாக்கிய ஜிங்ஹுவா 1 என்னும் கோதுமை 1980களில் பயிரிடப்பட்டது. கனடாவின் காஷா, காவ் ஆகியோர் 1970இல் வாற்கோதுமையைக் காட்டு வாற்கோதுமையோடு ஒட்டுச் சேர்த்து, பிறந்த இளங்கருவைக் குடுவையில் மீட்டு ஒற்றைமடியங்களைப் பெற்றனர். மிங்கோ என்னும் வாற்கோதுமை இரகம் இவ்வழியில் வந்தது.

ஆப்பிரிக்காவின் நெரிக்கா நெல் இன்னும் சிறந்த எடுத்துக்காட்டு. ஆசிய நெல்லும் ஆப்பிரிக்க நெல்லும் வேறு இனங்கள். அவற்றின் கலப்பில் தோன்றும் கரு பெரும்பாலும் மணிக்குள்ளேயே மடியும். பிழைத்தாலும் செடி மலடாகும். மேற்கு ஆப்பிரிக்க நெல் மேம்பாட்டுச் சங்கத்தில் மான்டி ஜோன்ஸ் குழுவினர் 1990களில் அக்கருக்களைக் குடுவையில் வளர்த்துக் காப்பாற்றினர். மீண்டும் மீண்டும் ஒட்டுச் சேர்த்து வளமாக்கினர். மகரந்தப்பை வளர்ப்பால் குணங்களை நிலைப்படுத்தினர். இப்பணிக்காக ஜோன்ஸ் 2004இல் உலக உணவுப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

திசு வளர்ப்பால் பெருக்கிய செடிகள் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும் என்ற எண்ணத்தையும் தானியங்கள் திருத்தின. கேலஸ் வழி வந்த செடிகளில் உயரம், பூக்கும் காலம், மணியின் தன்மை ஆகியவற்றில் மாறுபாடுகள் தோன்றின. 1981இல் ஆஸ்திரேலியாவின் லார்கின், ஸ்கௌகிராஃப்ட் ஆகியோர் இதை உடற்கல மாறுபாடு என்று பெயரிட்டு விளக்கினர். பயிர்ப் பெருக்க வல்லுநருக்கு இது வாய்ப்பு. உள்ள இரகத்தை மாற்றமின்றிப் பெருக்க விரும்புவோருக்கு இது இடையூறு.

இரகத்துக்கு இரகம் மாறும் திறன்

ஒரே பயிரில் ஓர் இரகம் எளிதாகச் செடி தரும்; பக்கத்து வயலின் இரகம் தராது. இதன் காரணங்களுள் ஒன்று 2005இல் ஜப்பானில் கண்டறியப்பட்டது. கோஷிஹிகாரி ஜப்பானியர் மிகவும் விரும்பி உண்ணும் நெல். ஆனால் அதன் கேலஸ் செடி தருவது அரிது. இந்தியாவிலிருந்து சென்ற கசலத் என்னும் இரகம் தாராளமாகத் தரும். இரண்டையும் ஒட்டுச் சேர்த்து ஆராய்ந்தபோது, வேறுபாட்டுக்குக் காரணமான மரபணுக்களுள் ஒன்று நைட்ரைட் ரிடக்டேஸ் நொதிக்குரியது எனத் தெரிந்தது. ஊடகத்தின் நைட்ரேட்டைக் கலம் முதலில் நைட்ரைட்டாகவும் பின் அம்மோனியமாகவும் மாற்றவேண்டும். கோஷிஹிகாரியில் இரண்டாம் படி தளர்ந்திருப்பதால் நைட்ரைட் தேங்குகிறது. அது கலத்துக்கு நஞ்சு. கசலத்தின் மரபணுவைப் புகுத்தியதும் கோஷிஹிகாரியும் செடி தந்தது. முழுஆக்குத்திறன் இல்லாமலில்லை, தழைச்சத்தைக் கையாளும் ஒரு சாதாரணப் படியில் அது தடைப்பட்டிருந்தது.

அண்மைக் காலத்தில் கருவளர்ச்சியைத் தொடங்கிவைக்கும் மரபணுக்களையே பயன்படுத்தும் முறை வந்துள்ளது. 2016இல் பேபி பூம், வூஷெல்2 என்னும் இரு மரபணுக்களின் துணையால், முன்னர் இணங்காத மக்காச்சோள வழிகளிலும் செடிகள் பெறப்பட்டன. 2020இல் ஜி.ஆர்.எஃப்.4, ஜி.ஐ.எஃப்.1 ஆகியவற்றின் இணைப்பு கோதுமையில் மீளுருவாக்கத்தைப் பெரிதும் உயர்த்தியது.

இன்றைய நிலை

2025 மே மாதத்தில் இந்தியா மரபணுத் திருத்தம் செய்த இரு நெல் இரகங்களை அறிவித்தது. அவற்றுள் ஒன்றான கமலா, தமிழகத்தில் ஆந்திரா பொன்னி என்று அறியப்படும் சம்பா மசூரியிலிருந்து உருவாக்கப்பட்டது. திருத்தம் செய்யும் கருவி எவ்வளவு நுட்பமானதாயினும், திருத்திய கலத்திலிருந்து செடி எழாவிட்டால் அத்திருத்தத்தால் உழவருக்குப் பயனில்லை.

ஆகவேதான் மீளுருவாக்கத்தின் வரலாறு வெறும் ஆய்வக வரலாறு அன்று. ஆய்வகத்தில் எளிதாக இணங்கும் இரகங்களின் மீதே ஆய்வுகள் குவிந்தன. ஏ188 மக்காச்சோளமும் சில ஜப்போனிக்கா நெல்களும் உலகப் புகழ் பெற்றதற்குக் காரணம் அவற்றின் விளைச்சலோ சுவையோ அன்று. அவற்றின் கேலஸ் செடி தந்தது என்பதே. வரகும் கேழ்வரகும் 1976இலேயே குடுவையில் செடி தந்தவை. ஆயினும் நெல்லும் மக்காச்சோளமும் பெற்ற கவனத்தில் சிறு பங்குகூட அவற்றுக்குக் கிடைக்கவில்லை. அவற்றின் கலங்கள் மறுத்ததால் நேர்ந்த பின்னடைவு அன்று இது. மானாவாரி நிலத்தின் உழவர் உண்ணும் தானியத்துக்கு யார் ஆய்வகம் அமைப்பது என்ற கேள்விக்கு விடை தாமதமானதால் நேர்ந்தது. தாவரவியல் பயிலும் தமிழ் மாணவர்கள் எடுத்துக்கொள்ளத்தக்க பணி இங்கு நிறையவே உள்ளது.